டாக்டர் ஆகணுமா, மருந்தாளுநர் ஆகணுமா? முடிவெடுக்கும் வயது பதினைந்து

(உத்தனப்பள்ளியில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடித்த மாணவ மாணவியரும் பெற்றோரும் கூடியிருந்த நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



தோட்டத்து வேலையை விட்டுட்டு வந்திருக்கிற அம்மாக்களுக்கும், நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்காம வந்திருக்கிற அப்பாக்களுக்கும், பின்வரிசையில் போனைக் கையில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கும் நன்றி. போனை உள்ளே வைக்கச் சொல்ல மாட்டேன். இன்னைக்கு நான் சொல்ற பாதி விஷயத்தை அந்தப் போனிலேயே பார்த்துச் சரிபார்க்கலாம்.

கூட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு அப்பா என்கிட்ட வந்தார். பொண்ணு ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் இங்கே அரசுப் பள்ளி. நல்ல மார்க். டாக்டர் ஆகணும்னு ஆசை. "மேடம், பதினொன்னு, பன்னெண்டுக்கு பெங்களூருல பியூசி சேர்த்துடலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. கோச்சிங்கும் அங்கேயே இருக்காம். தக்காளி வித்த காசு கையில இருக்கு. அட்வான்ஸ் கட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

"அண்ணா, கூட்டம் முடியுற வரைக்கும் கட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறியிருக்கிறேன். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, அடிப்படை விஷயம் ஒன்றைப் பேசிவிடலாம்.

எந்தப் பட்டம் படிச்சா டாக்டர் ஆகலாம்?

அமெரிக்காவில் ஒரு மாணவர் டாக்டர் ஆக வேண்டும் என்றால், முதலில் நான்கு ஆண்டுகள் ஏதாவது ஒரு பட்டம் படிக்கிறார். உயிரியல் படிக்கலாம், வேதியியல் படிக்கலாம், வரலாறுகூடப் படிக்கலாம். இடையில் மருத்துவக் கல்லூரி கேட்கும் அறிவியல் பாடங்களை முடித்து, எம்கேட் என்ற தேர்வு எழுதி, அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார். அதனால் "மருத்துவத்துக்கு முன்னால் எந்தப் பட்டம் நல்லது?" என்ற கேள்வி அங்கே இருபது வயதுப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி.

நம்ம ஊரில் அந்தக் கேள்வி ஐந்து வருஷம் முன்னாடியே வந்துவிடுகிறது. இங்கே எம்பிபிஎஸ்ஸுக்கு முன்னால் பட்டம் கிடையாது. பிளஸ் டூ முடித்து நேராகப் போகிறோம். அப்படியானால் நம்முடைய 'முன் பட்டம்' எது? பதினொன்றாம் வகுப்பில் எடுக்கிற குரூப்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அந்த ஒரு வாரத்தில், பள்ளி அலுவலக வாசலில் நின்றுகொண்டு எடுக்கிற முடிவு அது.

பல வீடுகளில் அந்த முடிவை எப்படி எடுக்கிறோம்? பக்கத்து வீட்டுப் பையன் எந்த குரூப் என்று பார்க்கிறோம். மார்க் அதிகம் என்றால் முதல் குரூப், குறைவு என்றால் கடைசி குரூப் என்று நினைக்கிறோம். குரூப் என்பது மார்க்குக்குக் கிடைக்கிற பரிசு இல்லை. அது ஒரு சாவிக்கொத்து. எந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நாலு குரூப், நாலு சாவி

இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் சேர்ந்த குரூப்: எம்பிபிஎஸ், பிடிஎஸ், சித்தா, கால்நடை மருத்துவம், நர்சிங், பார்மசி எல்லாக் கதவும் திறக்கும். பொறியியல் கதவும் திறந்தே இருக்கும். சுமையும் இதில்தான் அதிகம். கணக்கும் நீட் தேர்வுத் தயாரிப்பும் ஒன்றாக ஓட வேண்டும்.

இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்: மருத்துவக் கதவுகள் அத்தனையும் திறக்கும். கணக்கு இல்லாததால் பொறியியல் பக்கம் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். "எனக்கு மருத்துவத் துறைதான், அதில் எம்பிபிஎஸ் இல்லையென்றால் வேறு படிப்பு" என்று தெளிவாக இருக்கிறவர்களுக்கு இது நல்ல குரூப். கணக்கு வராதவர்கள் எடுக்கிற குரூப் என்று இதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் உள்ள குரூப்: நேரடியாக நீட் எழுத முடியாது, உயிரியல் இல்லை. ஆனால் இங்கேதான் நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பி.பார்ம் படிப்புக்கு இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவது பாடமாக உயிரியல் இருந்தாலும் சரி, கணிதம் இருந்தாலும் சரி. ஆறு ஆண்டு பார்ம்.டி படிப்புக்கும் அப்படித்தான்.

வணிகவியல், கலைப் பிரிவு: இதிலிருந்து மருத்துவமோ பார்மசியோ கிடையாது. மருத்துவமனை நிர்வாகம் போன்ற படிப்புகளுக்குப் போகலாம். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் டாக்டர் கனவை மனதில் வைத்துக்கொண்டு இந்த குரூப் எடுக்காதீர்கள்.

என் கதை, சுருக்கமா

நானும் அரசுப் பள்ளியில் படித்தவள்தான். எங்க பாட்டிக்குச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருந்தது. மாத்திரை அட்டையில் இருக்கிற பேரைப் படிச்சு, எது காலையில், எது ராத்திரி என்று பிரிச்சுக் கொடுக்கிறது என் வேலை. அதிலிருந்து பார்மசி படிக்கணும் என்று ஆசை. பத்தாவது முடிச்சதும் எனக்குக் கிடைச்சது கம்ப்யூட்டர் குரூப். "பயாலஜி இல்லாம பார்மசி கிடையாதும்மா" என்று ஒருத்தர் சொன்னார். பெரியவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? நானும் கையேட்டைத் திறந்து பார்க்கவில்லை.

பத்திரிகைத் துறையில் பட்டம் வாங்கி, செய்தித் துறையில் வேலைக்கு வந்த பிறகு, மாணவர் சேர்க்கை பற்றி ஒரு கட்டுரை எழுத கையேட்டைப் படித்தேன். பி.பார்ம் தகுதி என்று போட்டிருந்த இடத்தில் கணிதமும் இருந்தது. ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். எனக்கு என் வேலை பிடிச்சிருக்கு, வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வரியைப் படிக்காததால் ஒரு கதவு மூடியிருக்கிறதாக நினைத்துக்கொண்டு ரெண்டு வருஷம் அதைத் தட்டாமலே இருந்துவிட்டேன். உங்க வீட்டில் அது நடக்கக் கூடாது. அதனால்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

ஏற்கெனவே உயிரியல் இல்லாமல் பிளஸ் டூ முடித்துவிட்டு, இப்போது டாக்டர் ஆசை வந்த தம்பிகள் யாராவது இருக்கீங்களா? உங்களுக்கும் ஒரு வழி இருக்கு. தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, பிளஸ் டூ முடித்த பிறகு அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம். சுலபமான வழி இல்லை, ஆனால் மூடிய வழியும் இல்லை.

ஏழு வகுப்பு, ஏழு வருஷம்

இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நாம் எல்லைப் பகுதியில் இருக்கிறோம். ஓசூரில் பஸ் மாறினால் பெங்களூரு. நம் வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் பேசுகிறோம். சொந்தம் அந்தப் பக்கமும் இருக்கு, இந்தப் பக்கமும் இருக்கு. நமக்கு எல்லைக்கோடு பஸ்ஸில் போகும்போது தெரிவதே இல்லை. ஆனால் சேர்க்கை விண்ணப்பத்தில் அது நன்றாகவே தெரியும்.

தமிழ்நாட்டில் 2020-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி இளநிலைப் படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடம். முதல் ஆண்டிலேயே எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 400 அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் அப்படித்தான்.

இதற்கு நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. விரல்விட்டு எண்ணுங்க, ஏழு வகுப்பு. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இடம் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. அதையும் கவனிங்க.

இப்போது அந்தப் பக்கம். கர்நாடகத்தில் மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடம் கேட்க, அந்த மாநிலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும் என்பது முதன்மையான விதி. இங்கேயும் ஏழு!

அந்த அப்பாவோட பொண்ணு இங்கே ஐந்து வகுப்பு முடிச்சாச்சு. அங்கே போய் ரெண்டு வகுப்பு படிச்சா, மொத்தம் ஏழு. ஆனால் அந்த ஏழு ரெண்டு மாநிலத்துக்கு நடுவில் ஐந்தும் ரெண்டுமாகப் பிரிந்து கிடக்கும். இந்தப் பக்கம் 7.5 விழுக்காடு போய்விடும். அந்தப் பக்கம் ஏழு வருஷக் கணக்கு நிறையாது. இருப்பிடச் சான்று வைத்து தமிழ்நாட்டின் பொதுவான மாநில ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அது போகாது. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளை என்ற பெரிய பலம், கட்டணச் சலுகையோடு சேர்த்து, கையை விட்டுப் போய்விடும்.

கன்னடம் தாய்மொழியாக உள்ள எல்லைப் பகுதி மாணவர்களுக்கென்று கர்நாடகத்தில் தனிப் பிரிவு உண்டு. அதற்கான நிபந்தனைகள், மொழித் தேர்வு எல்லாம் கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் கையேட்டில் இருக்கும். அந்தப் பிரிவில் வருகிறவர்கள் படித்துப் பார்த்து முடிவெடுங்கள். மற்றவர்கள், கோச்சிங்குக்காக மட்டும் பள்ளியை மாற்ற நினைக்கிறவர்கள், இந்த ஏழு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள். கோச்சிங்கை லீவில் படிக்கலாம், போனில் படிக்கலாம். விட்ட ரெண்டு வகுப்பைத் திரும்ப அரசுப் பள்ளியில் படிக்க முடியாது.

அண்ணா, உங்க பொண்ணுக்கு இதுதான் என் பதில்.

நீட்: மொழியும் மையமும்

நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். சரியான விடைக்கு 4, தப்பான விடைக்கு 1 கழியும். அதனால் தெரியாத கேள்வியை குத்துமதிப்பாக அடிக்கிற பழக்கம் வேண்டாம்.

கேள்வித்தாள் 13 மொழிகளில் வருகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் அதில் உண்டு. ஆனால் நம்ம ஊருக்கு இதில் ஒரு சிக்கல். தமிழ்க் கேள்வித்தாள் கேட்டால் தமிழ்நாடு போன்ற இடங்களில் மட்டும் மையம் தருவார்கள். தெலுங்கு கேட்டால் ஆந்திரா, தெலங்கானா. கன்னடம் கேட்டால் கர்நாடகா. தெலுங்கு வழியில் படித்த பிள்ளை அதைக் கவனிக்காமல் மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு "ஏன் எனக்குக் கிருஷ்ணகிரி கிடைக்கலை?" என்று கேட்டால் மாற்ற முடியாது. விண்ணப்பம் போடும் முன்பே யோசியுங்கள். எந்த மொழி எடுத்தாலும் அதோடு ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகம்தான் இறுதி.

இன்னொன்று. நீட் எழுதினால் போதும், இடம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வராது. நீட் முடிவு வந்த பிறகு, தமிழ்நாடு மருத்துவக் கல்வி தேர்வுக் குழுவின் இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டு 15 விழுக்காடு இடங்களுக்கு இன்னொரு தனிப் பதிவு. முதல் பதிவைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால் மார்க் இருந்தும் இடம் இருக்காது.

நம்ம மாவட்டத்திலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. அங்கே 150 எம்பிபிஎஸ் இடங்கள். பக்கத்தில் தருமபுரி, சேலம் அரசுக் கல்லூரிகளும் உண்டு.

பார்மசி: மருந்துக்கடை மட்டும் இல்லை

"பார்மசி படிச்சா மெடிக்கல் ஷாப்தானே?" என்று ஒரு அம்மா கேட்டாங்க. மெடிக்கல் ஷாப்பும் உண்டு. ஆனால் அதோடு முடிந்துவிடாது.

டி.பார்ம் இரண்டு ஆண்டு, அதன் மேல் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. முடித்து மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்தால் பதிவு பெற்ற மருந்தாளுநர். டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்மில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பி.பார்ம் நான்கு ஆண்டு. பார்ம்.டி ஆறு ஆண்டு, அதில் கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் அரசு பார்மசி கல்லூரிகள் உண்டு. தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. தமிழ்நாட்டில் பி.பார்ம் சேர்க்கைக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை.

ஓசூர் பக்கம் மருந்து தயாரிக்கிற ஆலைகள் இருப்பது உங்களுக்கே தெரியும். அங்கே வேலைக்குப் போகிறவர்களில் பி.எஸ்சி வேதியியல் படித்தவர்களும் உண்டு, பி.பார்ம் படித்தவர்களும் உண்டு. வித்தியாசம் என்ன? மருந்து உற்பத்தியை மேற்பார்வையிடும் தொழில்நுட்பப் பொறுப்புக்கு, பி.பார்ம் முடித்தவருக்கு 18 மாத அனுபவம் போதும். வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த பி.எஸ்சி பட்டதாரிக்கு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். மருந்து விதிகளிலேயே இது எழுதியிருக்கிறது. அதாவது வேதியியல் படித்தவருக்கும் ஆலைக்குள் வழி உண்டு, கொஞ்சம் நீளமான வழி. ஆனால் மருந்துக்கடையில் மருந்து கொடுக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் வேண்டும். அதற்கு பி.எஸ்சி எதுவும் ஈடாகாது.

2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுவதும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அதை நடத்த முன்வந்த தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் வரை மானியம். டி.பார்ம், பி.பார்ம் முடித்தவர்களை மனதில் வைத்து வந்த திட்டம் அது. சொந்த ஊரிலேயே கடை வைக்கணும் என்று நினைக்கிற பிள்ளைகள் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீட் கிடைக்கலைன்னா எந்த பி.எஸ்சி?

இதுதான் பிளஸ் டூ முடித்தவர்கள் அதிகம் கேட்கிற கேள்வி. "ஒரு வருஷம் சும்மா இருக்க வேண்டாம், ஏதாவது டிகிரி சேர்ந்துட்டு நீட்டுக்குப் படிக்கிறேன். எந்த டிகிரி நல்லது?"

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். பி.எஸ்சி விலங்கியல் படித்தாலும், உயிர்வேதியியல் படித்தாலும், நுண்ணுயிரியல் படித்தாலும், அதை வைத்து எம்பிபிஎஸ்ஸில் நேரடியாகவோ குறுக்கு வழியிலோ சேர முடியாது. மறுபடியும் நீட்தான். "பி.எஸ்சி முடிச்சா எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டில் சேர்த்து விடறோம்" என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் பணத்தைத்தான் பார்க்கிறார்.

அதனால் கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: நீட் கடைசி வரை கிடைக்காமல் போனாலும், நான் முழுதாகப் படித்து முடிக்க விரும்புகிற படிப்பு எது? அதில் சேருங்கள். மருந்துகளில் ஆர்வம் என்றால் பி.பார்ம். நோயாளியோடு இருக்க ஆசை என்றால் நர்சிங் அல்லது துணை மருத்துவப் படிப்புகள். ஆய்வகம் பிடிக்கும் என்றால் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல். ஆலை வேலை என்றால் வேதியியல். ஆசிரியராக ஆசை என்றால் தாவரவியல், விலங்கியல் படித்து பி.எட். மாடு, கோழி வளர்க்கிற ஊர் நம்முடையது. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரப்பப்படுகின்றன. நம்ம மத்திகிரியிலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்திக் கல்லூரி இருக்கிறது. அதையும் பாருங்கள்.

ஒரு வருஷம் திரும்ப எழுதுகிறவர்களுக்கு 7.5 விழுக்காடு தகுதி போய்விடாது. நீட்டுக்கு உச்ச வயது வரம்பும் இப்போது இல்லை. ஆனால் எத்தனை முறை என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தால் இன்னொரு முயற்சிக்குக் காரணம் இருக்கு. ஏறவில்லை என்றால் வேறு வழியை மரியாதையோடு தேர்ந்தெடுங்கள். அது தோல்வி இல்லை.

கல்லூரியில் சேர்ந்துவிட்டு இடையில் மருத்துவ இடம் கிடைத்து விலகினால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். நம்ம பகுதியில் பிளஸ் டூ முடித்த மறுவாரமே கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கு வருது. சம்பளம் உடனே வருது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், வீட்டுக் கஷ்டம் வீட்டுக்குத்தான் தெரியும். ஆனால் படிக்க ஆசைப்படுகிற பிள்ளையை அனுப்பும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டம், ஆண்பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய். முதல் பட்டதாரிச் சலுகை, கல்வி உதவித்தொகை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பல வீடுகளில் "முடியாது" என்று நினைத்தது முடியும்.

இன்னைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது

சான்றிதழ் இல்லாமல் இடம் போன பிள்ளைகள் உண்டு. கலந்தாய்வு நாளில் ஓடாமல், இப்போதே வாங்கி வையுங்கள்.

இ-சேவை மையத்திலோ, போனில் தமிழ்நாடு இ-சேவை இணையதளத்திலோ முதலில் குடிமக்கள் கணக்கு எண், அதாவது கேன் எண், பதிவு செய்யுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் மார்க் ஷீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷியல் ஒன்று மாறியிருந்தாலும் பின்னால் தலைவலி.

பிறகு சாதிச் சான்று, வரிசை எண் ஆர்இவி 101. இருப்பிடச் சான்று, 102. வருமானச் சான்று, 103. முதல் பட்டதாரிச் சான்று, 104. மையத்தில் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். விண்ணப்ப எண்ணைப் போட்டோ எடுத்து வைத்தால், நிலை என்ன என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும். மிக முன்னதாக வாங்கினால் கலந்தாய்வு வரும்போது காலாவதி ஆகிவிடும்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பள்ளிகளில் அதற்கான படிப்புச் சான்று வாங்குங்கள். ரெண்டு மூணு பள்ளி மாறியிருந்தால் எல்லாப் பள்ளியிலும். 7.5 விழுக்காட்டுக்கு ஆதாரம் அதுதான். மார்க் ஷீட்டுகளை டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள்.

எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டும் முன், எம்பிபிஎஸ் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலும், பார்மசி என்றால் இந்திய பார்மசி கவுன்சில் தளத்திலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ரெண்டு நிமிஷ வேலை. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பதிவு கிடைக்காது. பதிவு கிடைக்காத பட்டத்துக்குச் சட்டம் போட்டு சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்துவிட்டு வந்து இங்கே தொழில் செய்யவும் நீட் தகுதி வேண்டும். அதையும் ஏஜென்ட்டுகள் சொல்ல மாட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417. தேர்வு பயமோ, ரிசல்ட் பார்த்து மனசு உடைந்தாலோ 104-ஐக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் பேசலாம். பெற்றோருக்கும்தான் சொல்றேன், பிள்ளை அமைதியாகிவிட்டால் நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். நான் சொன்னதை அப்படியே நம்பி விண்ணப்பிக்காதீர்கள். அந்த வருஷத்துக் கையேட்டைத் திறந்து, தகுதி என்று போட்டிருக்கிற பக்கத்தை அப்பா, அம்மா, பிள்ளை மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தடவை படியுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளை படிச்சுக் காட்டட்டும். நான் அன்னைக்கு அந்த ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை. நீங்க படிங்க.

அந்த அப்பா இன்னும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அண்ணா, வீட்டுக்குப் போய் பொண்ணோட உட்கார்ந்து விரல்விட்டு ஏழு எண்ணிப் பாருங்க. அதுக்கப்புறம் தக்காளிக் காசை எங்கே கட்டலாம்னு அவங்களே சொல்வாங்க.